பொம்மையனின் துண்டு

"தூக்கத்துக்கு என்ன வெல போடுறீக தாயி? எட்டு மாசமா ஓசியிலேயே வாங்கிட்டுப் போறேன். ஒரு வியாபாரிக்கு இது அசிங்கமில்லையா?"

ஆட்டுத் தரகர் பொம்மையன் இப்படிக் கேட்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையே சிரித்தது. தாடிக்கொம்பைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வரும் நாள் அது. வரிசையில் பாதிப் பேர் அவரோடு சந்தையில் தொண்டை கிழியக் கத்தியவர்கள்.

"கவர்மென்ட் மாத்திரை ஐயா. வெல கெடையாது" என்றாள் நர்ஸ் சத்யபிரியா.

"வெல இல்லாத சரக்கு உலகத்துல உண்டா? வெளிய வேப்பமரத்துல ஒரு குட்டி கட்டியிருக்கேன். அவுத்துட்டுப் போங்க."

"ஆடா? என் வேலை போயிரும்யா!"

"சரி, ஒரு சேவல்."

"வேணாம்."

"ஒரு தாரு சிறுமலைப் பழம்."

"ஐயா..."

"ஒரு சீப்பு. இதுக்குக் கீழ எறங்க மாட்டேன். எனக்குக் கட்டுப்படியாகாது."

கடைசியில் ஒரே ஒரு பழத்துக்குப் பேரம் படிந்தது. கொடுக்கிறவர் ஏற்ற, வாங்குகிறவர் இறக்க நடந்த பேரத்தை அந்த வரிசை அன்றுதான் பார்த்தது.

பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி சிவனம்மாள் உட்கார்ந்திருந்தாள். கேள்வியைப் பொம்மையனிடம் கேட்டால் பதில் அவளிடமிருந்து வரும். எட்டு மாதமாக அதுதான் வழக்கம்.

எட்டு மாதத்துக்கு முன்பு சிவனம்மாள் முதல் தடவையாகக் கூட்டிவந்தபோது பொம்மையன் இப்படிப் பேசவில்லை. சர்க்கரை முந்நூற்றைம்பது. போன தடவை வாங்கிய மாத்திரை பிரிக்காமலே கிடந்தது. "சாப்ட்டு யாருக்கு என்ன லாபம்?" என்று மட்டும் முனகினார். சத்யபிரியாவுக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை.

"போன பதினாலு நாள்ல எத்தனை நாள் எதுலயும் பிடிப்பில்லாம, மனசு கனமா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அவருக்கென்ன, ராசாவாட்டம் இருக்காரு" என்றாள் சிவனம்மாள்.

"ஒரு நாளும் இல்ல" என்றார் அவரும். முதுகுக்குப் பின்னால் பாதிச் சந்தை நிற்கும்போது எந்தத் தரகர்தான் உண்மையைச் சொல்வார்?

சத்யபிரியாவின் அப்பாவும் ஆட்டு வியாபாரிதான். சந்தையில் வாய் என்ன வேண்டுமானாலும் பேசும். நிஜ விலை துண்டுக்குள்தான் இருக்கும். கையைத் துண்டால் மூடி, உள்ளே எதிராளியின் விரல்களைப் பிடிப்பார்கள். எத்தனை விரல் பிடித்தாரோ அதுதான் எண்ணிக்கை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் அவருடைய தோள் துண்டை இழுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

பொம்மையன் கையை உள்ளே விட்டார். ஐந்து விரல். விட்டுவிட்டு மறுபடி ஐந்து. அப்புறம் மூன்று. பதிமூன்று நாள். அவர் கண் கலங்கிய அந்த நேரம் பார்த்து, சிவனம்மாள் மேலே ஓடும் ஃபேனைப் பற்றி வரிசையோடு சத்தமாக வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே டாக்டர் பார்த்தார். சர்க்கரை மாத்திரையோடு மனசுக்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது. மாதம் இரண்டு தரம் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். மாதாமாதம் துண்டுக்குள் பதிமூன்று பத்தாகி, ஆறாகி, மூன்றானது. துண்டுக்குள் நடப்பது சிவனம்மாளுக்குத் தெரியாது என்றே இருவரும் நம்பினார்கள்.

"இன்னைக்குச் சர்க்கரை நூத்தி நாப்பது! பிரமாதம்யா" என்றாள் சத்யபிரியா. "நல்லாத் தூங்குறாராம்மா?"

"தூக்கமா? இந்த மனுசன் விடுற கொறட்டைய விடிய விடிய நாந்தான கேக்குறேன்!" என்றாள் சிவனம்மாள். வரிசை சிரித்தது.

"சாப்பாடு?"

"எனக்கு வச்ச சோத்தையும் சேத்து அவரே தின்னுபுடுறாரு. வெஞ்சனச் சட்டிய வழிச்சுட்டுத்தான் எந்திரிக்கிறாரு."

"சோத்தக் கொறைங்கய்யா!" என்று சத்யபிரியாவும் சிரித்தாள். வழக்கம்போலத் துண்டுக்காகக் கையை நீட்டினாள்.

பொம்மையன் தலையை ஆட்டினார். "இனிமே துண்டு எதுக்கு தாயி? பதினாலுல ஒரே நாளு. அதுவும் மழையில சந்தை கூடாத அன்னைக்கு." பிறகு வரிசையில் நின்ற சந்தைக் கூட்டாளி ஒருவன் பக்கம் திரும்பினார். "ஏலே இருளப்பா, நல்லாக் கேட்டுக்க. எனக்கு மனசு சொகமில்லாமக் கெடந்துச்சு. இந்தத் தாயிதான் கரை ஏத்துச்சு. ஒனக்கும் அப்படி இருந்தா வாயத் தொறந்து சொல்லு. ஒண்ணும் கொறஞ்சு போயிற மாட்ட."

யாரும் சிரிக்கவில்லை. இருளப்பன் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டான்.

துண்டை மேசைமேல் போட்டுவிட்டு, மாத்திரை வாங்கும் ஜன்னலுக்கு விறுவிறுவென்று நடந்தார் பொம்மையன். அந்த நடையைப் பார்த்துச் சத்யபிரியாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

"உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும். ஒரு மாசம் தவறாமக் கூட்டிட்டு வந்தீக" என்றாள். "நீங்க எப்படி இருக்கீக?"

சிவனம்மாள் ஸ்டூலை விட்டு எழவில்லை. மேசையில் கிடந்த துண்டை எடுத்தாள்.

"எனக்கென்ன கொறை? கல்லாட்டம் இருக்கேன்" என்று வரிசைக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, துண்டைத் தன் கைமேல் விரித்து நீட்டினாள்.

உள்ளே போன நர்ஸின் கையை அவள் இறுக்கிப் பிடித்தாள். ஐந்து விரல். விட்டுவிட்டு மறுபடி ஐந்து. அப்புறம் நான்கு.

பதினாலுக்குப் பதினாலு.