ஐந்தாவது போத்தல்

ஐந்தாவது போத்தலை ஊற்ற முடியாது என்று ஐறீன் சொல்லிவிட்டாள்.

கொழும்புக் கடற்கரை ஹோட்டலின் மண்டபத்தில் இருபது விருந்தினர்கள் கையில் கிளாஸோடு காத்திருந்தார்கள். பிரான்சின் ஏதோ ஒரு மூலையில், கையளவு திராட்சைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு நுரை பொங்கும் வைன் செய்யும் குடும்பம் ஒன்று. அதன் சொந்தக்காரி மதாம் கிளேர் பன்னிரண்டு போத்தல்களோடு நேரிலேயே வந்திருந்தாள். இந்த ஹோட்டலின் வைன் பட்டியலில் எப்படியாவது இடம்பிடித்துவிட வேண்டும் அவளுக்கு.

முதல் நாலும் நன்றாகவே போயின.

ஐந்தாவதன் தக்கையைச் சத்தமில்லாமல் கழற்றி, வழக்கம்போலத் தன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தாள், ஹோட்டலில் வைன் பரிமாறும் ஐறீன். நுரை அழகாகத்தான் எழுந்தது. ஆனால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. தக்கை பழுதானால் அப்படித்தான்.

மனேஜர் கஜேந்திரன் சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் வந்தார். அவளுடைய பதவி உயர்வுக் கடிதம் அவருடைய ஒப்பத்துக்காக மேசையில் கிடந்தது.

"ஊத்தும். இங்க ஆருக்கு விளங்கப்போகுது? இதைக் குடிச்சு ஒருத்தரும் சாகமாட்டினம்."

அது அவளுக்கும் தெரியும். என்றாலும் போத்தலின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"வேணுமெண்டா நீங்க ஊத்துங்கோ சேர். நான் ஊத்தமாட்டன்."

மெதுவாகச் சொல்லவில்லை. தலைகள் திரும்பின.

மதாம் கிளேர் முகம் சிவக்க வந்தாள். கிளாஸை வாங்கி முகர்ந்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ஐறீன் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் நாலாவது போத்தலின் வைன் இருந்த கிளாஸை எடுத்து நீட்டினாள்.

மதாம் இரண்டையும் மாறி மாறி முகர்ந்தாள்.

பிறகு போத்தலை வாங்கி, எல்லோரும் பார்க்க, ஐஸ் வாளிக்குள் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஆறாவதைத் தானே திறந்து, முதலில் ஐறீனிடம் முகரக் கொடுத்தாள்.

கடிதத்தைப் பற்றிக் கஜேந்திரன் அன்று மூச்சே விடவில்லை. ஐறீனும் கேட்கவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில், அவர்கள் வீட்டுப் பின்கதவால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே குடித்தவர்களில் மூன்று பேர் மறுநாள் விடியுமுன் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருவர் அப்பா.

ஊற்றிக் கொடுத்தவள் அம்மா.

சவப்பெட்டியை மூடுமுன் அம்மா குனிந்து அப்பாவின் காதில் ஒன்று சொன்னாள். பக்கத்தில் நின்ற ஐறீனுக்கு மட்டும்தான் அது கேட்டது.

"ஊத்தேக்கையே எனக்கு மணம் வித்தியாசமாத்தான் இருந்தது."