ஐந்நூறு பவுண்டு

கல்லறைத் தோட்டத்து வாசலில் வெங்காய லாரி வந்து நின்றதும் லைல் தலையைக் குனிந்துகொண்டான்.

லாரியின் பின்தட்டில் ராய்ஸின் சவப்பெட்டி இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அது லைலின் வண்டியில் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த மஸ்கீகன் ஊர்ப் பக்கத்து வண்டிப் பைத்தியங்கள் போய்ச் சேர்ந்தால், கூட்டாளியின் பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். கண்ணாடி வைத்த சவ வண்டியெல்லாம் பேங்க் மேனேஜர்களுக்கு.

லைலிடம் இருப்பது கறுப்பு சைக்ளோன், போன வருஷம், தொண்ணூற்று ஒன்றில், வாங்கியது. பார்க்கக் குள்ளமான பிக்கப். பச்சை விளக்கு விழுந்ததோ இல்லையோ, இத்தாலிக்காரனின் பந்தயக் காரையே புகை தின்ன வைக்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்த வட்டாரத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஞாயிறு தவறாமல் அதன் எஞ்சினுக்குள் தலையை விட்டு, முடுக்கி முடுக்கி அப்படி ஆக்கியவன் ராய்ஸ்தான்.

மூன்று நாளுக்கு முன் ராய்ஸின் மனைவி டார்லா போன் செய்திருந்தாள்.

"லைல், கடைசியா ஒருதரம் உன் வண்டியில போகணும்னு ஆசைப்பட்டாரு."

"ஐயோ டார்லா, அது பாரம் தாங்காதே. உக்கார்ற ஆளையும் சேத்து ஐநூறு பவுண்டுதான்னு வண்டியோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கான்."

பொய்யில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த நேரம் அவன் நினைத்தது பாரத்தை அல்ல. மெழுகு போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்த பின்தட்டையும், அதில் விழப்போகும் கீறலையும்தான்.

டார்லா, "சரி, பரவால்ல" என்று வைத்துவிட்டாள்.

இன்றைக்கு அவன் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான்.

லாரியிலிருந்து பட் குதித்தான். வெங்காயம் பயிரிடுகிறவன், தச்சு வேலையும் தெரியும், பெட்டியும் அவன் செய்ததுதான். வந்த கையோடு ஆரம்பித்தான்.

"என்னடா லைல், உன் வண்டி மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையா, ஒண்ணையும் தூக்காதா?"

நாலு பேர் சிரித்தார்கள். டார்லா சிரிக்கவில்லை. லைலுக்குக் காது மடல் சுட்டது.

ஆறு பேராகச் சேர்ந்து பெட்டியை இறக்கினார்கள். லைலுக்குக் கால்மாட்டு மூலை. ராய்ஸ் மலை மாதிரி ஆள். வாசலில் நுழைந்தால் வெளிச்சம் மறையும். லைல் காலை அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான்.

பெட்டி விருட்டென்று மேலே வந்துவிட்டது.

அவன் மூலை மட்டும் ஒரு முழம் உயர்ந்து நின்றது. மற்ற ஐந்து பேரும் அவ்வளவு பலம் போடவில்லை. அவர்கள் ராய்ஸ் உருகிப்போனதை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவர்கள். லைல், ராய்ஸ் படுத்த புதிதில், ஜூலையில் ஒருதரம் எட்டிப் பார்த்ததோடு சரி.

"மெதுவா," என்றாள் டார்லா.

பதறிப்போய்த் தாழ்த்திப் பிடித்தான். கோட்டுக் கை பலகையில் உரசியதில், ஒட்டியிருந்த வெங்காயச் சருகு உதிர்ந்து விழுந்தது. அடியில் பென்சில் எழுத்து தெரிந்தது. ராய்ஸின் கோணல் எழுத்து. பட் அறுத்து வைத்த பலகையிலேயே, உயிரோடிருக்கும்போதே உட்கார்ந்து எழுதியிருக்கிறான், பாவி.

பெட்டி 80. நான் 105. லைல் 190. டார்லா 115.

கோடு கிழித்துக் கூட்டியிருந்தான். 490.

அதற்கும் கீழே ஒரு வரி.

'இன்னும் பத்து பவுண்டு இடம் இருக்கு. பூ வச்சுக்கலாம்.'