நாற்பத்தோராவது பிழை

"சார், சாவியை எடுக்க முடியல. எழுதிக்கோங்க, நாற்பத்தோராவது பிழை."

போனில் அந்தக் குரலைக் கேட்டதுமே புரோகிராமர் பிழை நோட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து அவன் உருவாக்கிய கணினி விளையாட்டு. படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'கதவைத் திற' என்று தட்டினால் கதவு திறக்கும். 'வடக்கே போ' என்றால் போகலாம். நாளை வெளியீடு. ஆனால் கம்பெனி அமர்த்தியிருக்கும் சோதனைக்காரி 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அது நடக்கும். அந்த மகராசியோ அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாம் சொல்லிவிட்டாள். இதுவரை நேரில் பார்த்ததில்லை. போனில் அவள் எண்ணைப் 'பூதக்கண்ணாடி' என்று பதிந்து வைத்திருந்தான்.

நாற்பது பிழைகளையும் வாய் திறக்காமல் திருத்தியவன்தான். செத்துப்போன காவல்காரன் எழுந்து வந்து வணக்கம் வைத்ததைத் திருத்தினான். கிணற்றில் விழுந்தவன் மொட்டைமாடியில் முளைத்ததைத் திருத்தினான். 'வரிக்கு வரி அழகுக்கு இழுத்திருக்கிற கோடெல்லாம் உயிரை வாங்குது, எடுங்க' என்றாள், எடுத்தான். ஆனால் இது அநியாயம்!

"மேடம், இது பிழையே இல்ல. அந்த ரூம் இருட்டு. 'இருட்டில் எதையும் எடுக்க முடியாது'ன்னு வருதில்ல?"

"வருது. அதுதான் பிழை. வாசல்லேர்ந்து மூணு அடியில மேஜை, மேஜைமேல சாவின்னு ஆட்டத்துல வர்ற சமையல்காரன் முன்னாடியே சொல்லிடறான். கையை நீட்டினா எடுத்துடலாம். அதுக்கு விளக்கு எதுக்கு?"

"எதுக்கா? அந்த விளக்கைத் தேடித்தான் மேடம் பதினோரு ரூம் அலையறோம்! ஆட்டத்துல பாதி அதுதான். அதைத் தூக்கிட்டா நான் தெருவுலதான் நிக்கணும்."

"மூணு அடியில இருக்கிற சாவிக்குப் பதினோரு ரூம் அலையறான். அவனைப் போய் வீரன்னு எழுதியிருக்கீங்க."

"சரி, இருட்டுல எப்படித்தான் எடுப்பான்?"

"கையாலதான்."

அவனுக்குச் சுருக்கென்றது. "நீங்க வேணும்னே வம்பு பண்றீங்க!"

"போன்ல கத்தினா தீருமா? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கீங்க, வீட்டுக்கு வாங்க. டீ போட்டு வைக்கறேன்."

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். 'ஒரு தடவையாவது இருட்டுல நின்னு பாத்திருக்கீங்களா மேடம்?' என்று கேட்டு அவள் வாயை அடைக்க வேண்டும். வழி நெடுக அதையே ஒத்திகை பார்த்தான்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"திறந்துதான் இருக்கு, வாங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இரண்டடி வைத்தான். முழங்கால் எதிலோ இடித்தது. "ஐயோ!"

"பாத்து சார், ஸ்டூல்."

ஜன்னலெல்லாம் சாத்தி வீடு கும்மிருட்டாக இருந்தது. "கரண்ட் போயிடுச்சா மேடம்?"

அந்த இருட்டுக்குள்ளேயே சாவி திரும்பியது, அலமாரி திறந்தது, பிளாஸ்க்கிலிருந்து டீ இறங்கியது. காலடிகள் எதிலும் இடிக்காமல் நேராக அவன் முன்னால் வந்து நின்றன.

"கரண்ட் இருக்கே! யாராவது வந்தா லைட் போடணும்னு அக்கா தினமும் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போறா, எனக்குத்தான் மறந்துடுது. சுவிட்ச் உங்க இடது கைப்பக்கம்."

சுவரைத் தடவித் தடவிச் சுவிட்சைப் போட்டான். டீத்தட்டை ஒரு துளி சிந்தாமல் நீட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, தோளுக்கு அப்பால் எங்கேயோ இருந்தது. அவளுக்குப் பின்னால், திரை அணைந்த கணினியில் மாட்டியிருந்த ஹெட்போன் அவன் விளையாட்டின் வரிகளை மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தது.

"லைட் போட்டாச்சா சார்?" என்றாள் பூதக்கண்ணாடி. "அப்போ நீங்க டீயை எடுத்துக்கலாம். எனக்குத்தான் பிறந்ததிலேர்ந்தே விளக்கு தேவைப்படல."