வைரஸ் மேடம்

மின்னஞ்சலில் வந்த வைரஸால் அலுவலகமே ஒரு வாரம் முடங்கிக் கிடந்த பிறகு, கணினிகளைக் காக்கும் வேலை மங்கையர்க்கரசியின் தலையில் விழுந்தது. தெரிந்தவர் அனுப்பியதாகவே இருந்தாலும், சந்தேகம் வந்தால் இணைப்பைத் திறக்காமல் எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று வருடக்கணக்காகத் தொண்டை வறளச் சொல்லிவந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைரஸ் மேடம் என்று பெயர் வைத்ததுதான் மிச்சம். கண்டதையும் திறந்துவிட்டு, "மேடம், கம்ப்யூட்டர் ஒரு மாதிரி பண்ணுது" என்று வந்து நிற்பார்கள். தலைக்குச் சாயம் பூசுவதைக்கூட விட்டுவிட்ட அவள், பெருமூச்சோடு எழுந்து போவாள்.

அந்தத் திங்கட்கிழமை அவளே எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். 'என் திருமணத்துக்கு அவசியம் வாருங்கள்' என்று ஒரே வரி, இணைப்பில் அழைப்பிதழ். இந்த வயதில் மேசை மேசையாகப் போய்ப் பத்திரிகை நீட்டக் கூச்சமாக இருந்தது.

மதியத்துக்குள் அது ஒவ்வொருவரிடமிருந்தும் அவளுக்கே திரும்பி வந்தது. ஒருவரும் திறந்திருக்கவில்லை.

கணக்குப் பிரிவு தணிகாசலம் நேரிலேயே வந்துவிட்டார். "மேடம், உங்க பேர்ல எவனோ வைரஸ் அனுப்புறான். நான் தொடவே இல்ல."

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"உங்களுக்குக் கல்யாணம்னு போட்டிருக்கான். அதுலயே மாட்டிக்கிட்டான்!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். பிறகு திரைப்பக்கம் திரும்பி, ஒவ்வொருவருக்கும் வழக்கமான பதிலைத் தட்டத் தொடங்கினாள்: 'திறக்காமல் அனுப்பியதற்கு நன்றி.'