போதிய சத்துணவு

“வாரம் மூணு கிலோ ஈரல், முப்பது முட்டை. இதெல்லாம் யாரு சாப்பிடுறாங்க, ஜீவராணி?”

பிள்ளைகளுக்கு எடை பார்க்கத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த சுகாதார மிஸ் லோஜினி, கையிலிருந்த டெப் திரையைத் திருப்பிக் காட்டினாள். தேயிலைத் தோட்டத்துக் கடையில் தொழிலாளி அட்டையைத் தட்டி வாங்கும் சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இப்போது அதில் வந்துவிடும். எந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுப்பது. ஜீவராணியின் பெயருக்கு நேரே, ‘போதிய சத்துணவு, மா நிறுத்தம்’ என்று விழுந்திருந்தது.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், தராசில் நின்ற அவள் மகள் சுலக்ஷனாவோ நாலு வயதுக்குப் பதினொரு கிலோ. கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது.

ஜீவராணி மகளைத் தராசிலிருந்து இறக்கினாள். தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்ப்பவள். ஊருக்கெல்லாம் வகைவகையாக ஆக்கிப் போடுகிறவளுக்குப் பெற்ற பிள்ளைக்கு ஒரு முட்டை அவிக்க முடியாதா என்று லோஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குனிந்து பிள்ளையிடமே விசாரித்தாள். காலையில் ரொட்டியும் சம்பலும் என்றது. நேற்றும் அதுதானாம்.

“அப்ப ஈரல்?”

“அது ஜோனிக்கு,” என்றது பிள்ளை. “முட்டையும் ஜோனிக்குத்தான்.”

ஜீவராணி சட்டென்று மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

லோஜினியும் மூன்று அண்ணன்மாருக்குப் பின்னால் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். மீன் அவர்களுக்கு, குழம்பு இவளுக்கு. அந்தப் பழைய ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

“பொம்பளப் புள்ளன்னா காஞ்சு கெடக்கணும், ஆம்பளப் புள்ளைக்கு மட்டும் ஈரலா? வெக்கமா இல்ல உங்களுக்கு?”

மற்றத் தாய்மார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூட ஜீவராணிக்காகப் பேசவில்லை. இந்த அநியாயத்துக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே உடந்தை என்று நினைத்தாள் லோஜினி.

“நாளைக்கு அந்த ஜோனியக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா எடை போட்டு மேல ரிப்போர்ட் அனுப்புறேன்.”

“முடியாதுங்க மிஸ். தொரை விடமாட்டாரு.”

“உங்க புள்ளையக் கூட்டிட்டு வர தொரைகிட்ட எதுக்குக் கேக்கணும்?”

ஜீவராணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“தொழிலாளி அட்டைக்கு வெல கொறைவுன்னு தொரையம்மா அதுக்கு வேண்டியதை என் அட்டையிலதான் வாங்கச் சொல்றாங்க. வேலை போயிரும்னுதான் நான் வாயத் தொறக்கல,” என்றாள். “ஜோனி பங்களா நாய்ங்க, மிஸ்.”