ஸ்பிரிட்டில் கரைந்த குளம்

இந்த மண்ணில் ஊர்வதோ தாவுவதோ எதுவும் தன் பதிவேட்டுக்குத் தப்ப முடியாது என்று அருங்காட்சியக இயக்குநர் போன வாரம்தான் மேடையில் முழங்கினார். இப்போது அவருடைய பின்னறையில் நாற்பது தவளைப் புட்டிகள் ஜன்னல் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. பிடித்த இடத்தை எழுதி உள்ளே போட்ட சீட்டுகள் வெள்ளை வெளேரென்று மிதக்கின்றன. ஸ்பிரிட்தான் லேசாக நீலம் பாரித்திருக்கிறது. காப்பாளர் அம்மாள் ஒரு புட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். விரலிடுக்குச் சவ்வும் முதுகுக் கோடும் அரிய இனம் என்று சொல்லிவிடுகின்றன. பக்கத்துக் குளத்தில் பிடித்தது என்று சொல்லத்தான் அந்தச் சீட்டை விட்டால் நாதியில்லை. அரிய தவளை அங்கே இருக்கிறது என்று நான்கு மணிக்குள் அத்தாட்சிப் படிவம் போகாவிட்டால் குளத்தை மண் கொட்டி மூடிவிடுவார்கள். மண் லாரிகள் தெருவில் உறுமிக்கொண்டு நிற்கின்றன. அந்த அதிர்வில் செத்த தவளை மெல்லத் தலையாட்டுகிறது.

“பென்சில்ல எழுதுங்க சார், பேனா மை கரைஞ்சிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.”

“இயக்குநர் பென்சில்ல எழுதினா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களாம்மா?”

“இடுப்பளவு தண்ணியில நின்னு நானே பிடிச்சது சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“உங்க ஞாபகத்தைப் படிவத்தோட இணைக்க முடியுமா? நிரூபிக்க முடிஞ்சதை மட்டும் எழுதுவோம்.”

அம்மாள் புட்டியை மெதுவாகக் கீழே வைக்கிறாள். இயக்குநர் படிவத்தை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து, ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தில் ‘மூன்றாவது அலமாரி’ என்று எழுதுகிறார்.