மருந்துத் துணி

"ஒன் தம்பி பொழப்பப் போயிப் பாரு. அவன் சட்டை, லுங்கிய அவனே தொவைக்கிறான். பொண்டாட்டிக்காரி நின்னு வேடிக்கை பாக்குறா!"

பாடாலூரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய கமலவேணியிடம், குழாயடியிலேயே பற்றவைத்துவிட்டாள் தம்பியின் பக்கத்து வீட்டுப் பாப்பாயி.

கமலவேணி பையை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

கொல்லையில் துவைக்கிற கல் முன்னால் குந்தியிருந்தான் அரியமுத்து. மக்காச்சோளத்துக்குப் புழு மருந்து அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். முதுகில் மாட்டுகிற மருந்து டேங்க் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. சோப்பு நுரையையும் மீறி நெடி மூக்கில் ஏறியது.

அவன் மனைவி வெற்றிச்செல்வி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி பின்வாசல் படியில் நின்றிருந்தாள்.

"வாங்கண்ணி."

"வர்றது இருக்கட்டும். புருஷன் காட்டுல வெந்துட்டு வந்து துணியக் கசக்குறான். நீ என்னன்னா மகாராணி மாதிரி நிக்கிற!"

"அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தான் அரியமுத்து. வெற்றிச்செல்வி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

"அந்த நாத்தம் எனக்கு ஒத்துக்கலைங்கண்ணி" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

"ஓகோ! காட்டுக்காரனுக்கு வாக்கப்பட்டுட்டு மருந்து நாத்தம் ஒத்துக்கலையா? அப்ப டவுன்ல ஆபீஸ் போற மாப்பிள்ளையாப் பாத்திருக்கணும்!"

வேலிக்கு அந்தப் பக்கம் பாப்பாயி குடத்தோடு வந்து நின்றுகொண்டாள்.

அதைப் பார்த்ததும் கமலவேணியின் குரல் இன்னும் ஏறியது. புடவையைத் தூக்கிச் செருகினாள். தம்பியைத் தோளில் தட்டி எழுப்பினாள்.

"எந்திரிடா. நான் தொவைக்கிறேன். ஏ புள்ள, நீ உள்ள போ. என் கண்ணு முன்னாடி நிக்காத!"

வெற்றிச்செல்வி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

கை துணியைக் கசக்கக் கசக்க, கமலவேணியின் வாய் ஓயவில்லை.

"டேங்க எதுக்குடா வூட்டுக்கிட்ட கொண்டாந்து போட்டிருக்க? மோட்டார் கொட்டாய்ல வையி. இந்தத் தண்ணியக் கீரப்பாத்தியில விட்றாத. ஒரு வேல ஒழுங்காத் தெரியுதா? புருஷனுக்கும் தெரியல, பொண்டாட்டிக்கும் தெரியல!"

பிழிந்த துணிகளை வீட்டுக் கொடியில் போடாமல், கடைசி வேலியில் கொண்டுபோய் விரித்தாள்.

பாப்பாயிக்கு மனசு நிறைந்துவிட்டது. "நாத்தனார்னா இப்படில்ல இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள்.

டேங்கை வைத்துவிட்டு வந்த அரியமுத்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான். வெற்றிச்செல்வி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படித் திட்டு வாங்குற?" என்றான் தணிந்த குரலில். "முழுகாம இருக்கேன், மருந்து பட்டதத் தொடக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்கன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. நான் போயி சொல்லவா?"

"வேணாங்க."

"ஏன்?"

"அண்ணிக்குக் கரு கலைஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகல. இப்பத்தான் எந்திரிச்சு நடமாடுறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நான் எப்படிங்க இதச் சொல்றது? திட்டிட்டுப் போறாங்க, விடுங்க."

அரியமுத்து தண்ணீர்க் குடத்தை எடுத்து அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

மத்தியானம் கமலவேணி குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் வெற்றிச்செல்வியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது, "வரேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அரியமுத்து பைக்கில் அவளை மெயின் ரோட்டுக்குக் கூட்டிவந்தான். மனசு கனத்துப்போயிருந்தது. அக்காவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பொண்டாட்டிக்காகப் பேசவும் முடியவில்லை.

தூரத்தில் பஸ் தெரிந்தது.

"முத்து" என்றாள் கமலவேணி. காலையில் கேட்ட குரலே இல்லை. "இனிமே மருந்தடிச்சா காட்டுலயே துணிய அலசி, குளிச்சிட்டு வேற துணி மாத்திக்கிட்டு வா. அந்த வாடையோட வூட்டுக்குள்ள போவாத."

"சரிக்கா."

"அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப பைக்க மெதுவா ஓட்டு. நம்ம ரோடு குண்டும் குழியுமாக் கெடக்கு."

அரியமுத்து திடுக்கிட்டுத் திரும்பினான்.

"அக்கா... ஒனக்குத் தெரியுமா?"

"படியில மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாளே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. மூணு தடவ சுமந்து பாத்தவடா நான்."

"அப்புறம் எதுக்குக்கா அந்தத் திட்டு திட்டின?"

"பாப்பாயி என் பின்னாலயே வந்து வேலிக்கிட்ட காதத் தீட்டிக்கிட்டு நின்னா. 'சோம்பேறி'ன்னு நெனச்சிட்டுப் போனாப் போகட்டும். இல்லன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊரு முழுக்க சொல்லிடுவா. நாலு மாசம் தாண்டுற வரைக்கும் யாரு கண்ணும் படக் கூடாது."

பஸ் வந்து நின்றது. அரியமுத்துவின் கண்கள் கலங்கின.

"இத இப்பவே போயி அவகிட்ட சொல்றேங்க்கா. காலையிலேர்ந்து அழுதுக்கிட்டு இருக்கா."

படியில் கால் வைத்த கமலவேணி, அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லிடாதடா. என் மனசு நோகக் கூடாதுன்னுதான் அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு மறைக்கிறா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா தாங்க மாட்டா, பாவம்."